ஜோடி பிரிந்ததால்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். பரவால்ல, எனக்கு இந்த ஓரமே போதும். பாண்டி வரைக்கும் கடல் அந்தப் பக்கந்தான் வரும். வேற நாளா இருந்தா நானே கேட்டு வாங்கி உக்காந்திருப்பேன். இன்னைக்கு வேணாம்.

கடலைமிட்டாயா? வேணாம் சார், வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன். திருவான்மியூர்ல ஒரு வீட்டுல விருந்து. எனக்குன்னே சமைச்சாங்க. வஞ்சிரம் வறுவல், எறால் தொக்கு, பாயசம். சாப்பிட்டதெல்லாம் இன்னும் நெஞ்சுலயே நிக்குது.

விருந்து எதுக்குன்னா, ஒரு அம்மாவோட உயிரைக் காப்பாத்தினேன். நெசமாத்தான் சார். மூணு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாங்க. "எனக்கு இது ரெண்டாவது பொறந்த நாள் தேசிங்கு, நீங்க வராம எப்படி"ம்பாங்க. தேசிங்குங்கிறது நாந்தான். மொத ரெண்டு வருஷமும் போட் ரிப்பேரு, காய்ச்சலுன்னு ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிட்டேன். இந்தத் தடவை போயிட்டேன். போயிருக்கக் கூடாது. இல்ல, போனது நல்லதுதான். தெரியல சார். நீங்க மரக்காணத்துல எறங்கிடுவீங்கல்ல? அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

நான் பாண்டியில ஸ்கூபா கைடு. ஆமா, முதுகுல சிலிண்டர் மாட்டிக்கிட்டுக் கடலுக்கு அடியில போறதுதான். ஆனா வர்றவங்க போறவங்களையெல்லாம் கையப் புடிச்சு பத்தடி எறக்கி போட்டோ எடுத்து அனுப்பற வேலை இல்ல. அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நான் கூட்டிட்டுப் போறது ஏற்கெனவே படிச்சு, பரீட்சை எழுதி, கார்டு வாங்கினவங்கள மட்டும். ஒரு தடவைக்கு நாலே பேரு. அஞ்சாவதா மந்திரியே வந்தாலும் ஏத்த மாட்டேன். நாலு பேருன்னா ரெண்டு ஜோடி. தண்ணிக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர்தான் காவல். ஒருத்தருக்குக் காத்து தீந்துபோனா ஜோடிக்காரர்தான் தன் காத்தைக் கொடுக்கணும். அதனால காலையில படகு கிளம்பறதுக்கு முன்னாடி நான் சொல்ற மொத வார்த்தையே அதுதான். "ஜோடிய விட்டு நகராதீங்க. நான் கூப்பிட்டா ரெண்டு பேரும் சேந்து வாங்க." பன்னண்டு வருஷமா இதையே சொல்றேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்த அம்மா பேரு வைஜயந்தி. பல் டாக்டரு. அவங்க வீட்டுக்காரரு சபேசன் சாரு, காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியாரு. ரெண்டு பேருக்கும் அம்பதை ஒட்டின வயசு. ஒரே பொண்ணு கல்யாணமாகி வெளிநாடு போனதும் வீட்டுல ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோமேன்னு, போய் ஸ்கூபா கத்துக்கிட்டாங்களாம். அந்த வயசுல சார்! நாப்பது தடவை எறங்கியிருந்தாங்க, எல்லாம் ஜோடியாத்தான். அவங்க ட்ரெஸ்ஸுக்கு ஜிப்பு இவரு போட்டு விடுவாரு. இவரு தண்ணிக்குள்ள போடற கண்ணாடியில அவங்க எச்சி துப்பித் தேச்சுக் கொடுப்பாங்க. சிரிக்காதீங்க, அப்படித் தேச்சாத்தான் பனி படியாது. ஆனா எல்லாருந்தான் தேய்க்கறாங்க, புருசனுக்கு பொண்டாட்டி தேச்சுக் கொடுத்து நான் பாத்ததில்ல. படகுல இருந்த பெங்களூரு பசங்க ரெண்டு பேரும் பாத்துட்டுச் சிரிச்சாங்க. அந்தம்மா கண்டுக்கவே இல்ல.

அன்னைக்கு மார்ச் மாசம். கரையிலேருந்து ஒன்னே கால் மணி நேரம் போனா மேட்டுப்பாறைன்னு ஒரு எடம். எங்க சனங்க வச்ச பேரு. எண்பதடி ஆழத்துல ஒரு பாறை, வீடு மாதிரி நிக்கும். பாண்டிக் கடல் பாதி நாளு கலங்கித்தான் இருக்கும். அன்னைக்குப் பாத்தா தண்ணி கண்ணாடி! மேலேருந்தே பாறை தெரியுது. படகு ஓட்டற எத்திராசு கூடச் சொன்னான், "இந்த மாதிரி நான் பாத்து நாலு வருஷம் ஆச்சு"ன்னு.

போகும்போதே சபேசன் சார் எங்கிட்ட, "தேசிங்கு, ஒரே ஒரு கொம்புத் திருக்கை மீனு காட்டிருங்க. இத்தனை தடவை எறங்கியும் ஒண்ணுகூடக் கண்ணுல படல"ன்னாரு. அந்தம்மா, "எனக்கு அந்த ராட்சசனெல்லாம் வேணாம்பா. சின்னச் சின்ன நண்டு, பூச்சி இருந்தாப் போதும்"னாங்க. அவரு சிரிச்சாரு.

எறங்கினோம். பத்து நிமிசம் எல்லாம் ஒழுங்காப் போச்சு. பாறையச் சுத்தி வர்றோம். நான் முன்னாடி, பெங்களூரு பசங்க எம் பக்கத்துல, சபேசன் சாரு கொஞ்சம் பின்னாடி, அவருக்குப் பின்னாடி அந்தம்மா. ஒரு இடுக்குல ஏதோ நண்டைப் பாத்துட்டு அங்கயே நின்னுட்டாங்க. நான் பாறை முனையத் திரும்பறேன், சார்... வந்துச்சு.

கொம்புத் திருக்கை. எங்க வீட்டுக் கூடத்துல விரிச்சா செவுத்துக்குச் செவுரு இருக்கும். றெக்கைய ஆட்டறதே தெரியல. சும்மா வழுக்கிக்கிட்டு வருது. பன்னண்டு வருஷத்துல நான் அதை மூணு தடவைதான் பாத்திருக்கேன். அதுல ரெண்டு தடவை நெழலைத்தான் பாத்தேன்.

இது நிக்காதுன்னு எனக்குத் தெரியும். சபேசன் சாரப் பாத்துக் கையாட்டினேன், வான்னு. அவரு ஒடனே வரல சார். அதைச் சொல்லணும். அவரு திரும்பி அந்தம்மாவக் காட்டினாரு. அவளும் வரணும்னு அர்த்தம். அந்தம்மா தலையக் குனிஞ்சு நண்டுல மூழ்கிக் கெடக்கறாங்க. அவங்களத் தட்டிக் கூட்டியாறதுக்குள்ள அது போயிரும். நான் ரெண்டு வெரலை என் கண்ணுகிட்ட வச்சேன், அந்தம்மாவக் காட்டினேன், என் நெஞ்சைத் தட்டினேன். நான் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னு. எந்த நாட்டுல கேட்டாலும் அதுக்கு அதான் அர்த்தம்.

அவரு போனாரு.

நான் பாத்துக்கிட்டிருந்தேன். அதாவது, திருக்கையப் பாத்துக்கிட்டிருந்தேன். பத்து செகண்டு சார். அது ஒரு சுத்து வந்துச்சு, வயித்தக் காட்டுச்சு, வெள்ளை வெளேர்னு. ஒரு பையன் கையைத் தூக்கிட்டுக் கோயில்ல நிக்கற மாதிரி நின்னுட்டான். சபேசன் சாரு கேமராவத் தூக்கவே மறந்துட்டாரு. இன்னொரு சுத்து வந்துச்சு. அரை நிமிசம் இருக்கும்.

அப்புறந்தான் நெனப்பு வந்து திரும்பிப் பாத்தேன். இடுக்குகிட்ட ஆளைக் காணோம். பாறைக்குப் பின்னாடியிருந்து முட்டை முட்டையா நொர மேல போகுது. மூச்சு விட்டா அப்படிப் போவாது. மொத்தமா, பானை கவுந்த மாதிரி போகுது.

எவனோ அறுத்து விட்ட பழைய நைலான் வலை, பாறையில சுத்திக் கெடந்திருக்கு. திரும்பும்போது அவங்க சிலிண்டரு அதுல மாட்டிக்கிச்சு. இழுத்திருக்காங்க, இன்னும் இறுகியிருக்கு. சுத்திப் பாத்தா ஒருத்தருமில்ல. பயந்து திமிறினதுல வாயில இருந்த குழாய் கழண்டு போச்சு. நான் போறப்ப கண்ணு தொறந்திருந்துச்சு. ஆனா என்னைப் பாக்கல. அந்தக் கண்ணை நான் இன்னும் மறக்கல சார்.

என்னோட உபரிக் குழாயை அவங்க வாயில திணிச்சு அமுக்கிப் புடிச்சேன். கத்திய எடுத்து வலைய அறுத்தேன். ஒரு கையால அவங்களக் கட்டிப் புடிச்சு மேல கொண்டாந்தேன். இதுல ஒரு கொறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில டாக்டரே சொன்னாரு, இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா அவ்வளவுதான்னு. அதனால காப்பாத்தினது நாந்தான். அதுல மாத்துக் கருத்தே இல்ல.

படகுல போட்டு ஆக்சிஜன் வச்சோம். இருமினாங்க, தண்ணியக் கக்கினாங்க, மூச்சு வந்துச்சு. அப்பத்தான் சபேசன் சாரு மேல வந்தாரு. ஏணியில ஏறக்கூட முடியல அவரால. தவழ்ந்து வந்து அந்தம்மா பாதத்தைப் புடிச்சுக்கிட்டாரு. எத்திராசு இருக்கானே, அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஜோடிக்காரரு எங்க போனாரு?"ன்னு கேட்டான். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. பசங்க பாக்கறாங்க. அந்தம்மா கண்ணைத் தொறந்து பாக்கறாங்க.

நான் சொன்னேன், "ஜோடிய விட்டு நகராதீங்கன்னு காலையிலயே சொன்னேன்ல சார்?"

அவ்வளவுதான் சார் சொன்னேன். அவரு விட்டுட்டுப் போயிட்டாருன்னு நான் சொல்லவே இல்லையே? கேள்வியாத்தானே கேட்டேன்? அதுவும் காலையில சொன்னது நெசந்தானே?

சபேசன் சாரு என்னை நிமிந்து பாத்தாரு. வாயத் தொறந்தாரு. அந்தம்மா ஆக்சிஜன் மூடிக்குள்ளேருந்து அவரைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. அவரு வாய மூடிக்கிட்டாரு. அந்தம்மா காலைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டாங்க. லேசாத்தான். நான் பாத்தேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு பாரம் உண்டு, ஏதாவது ஆச்சுன்னா எழுதிக் கொடுக்கணும். நான் எழுதினேன், 'ஜோடி பிரிந்ததால் ஏற்பட்டது'ன்னு. பிரிஞ்சதுதானே? யாரு பிரிச்சதுன்னு கேக்கறதுக்கு அந்தப் பாரத்துல கட்டமே இல்ல சார். இருந்திருந்தா எழுதியிருப்பேன்னு பல நாளு நெனச்சிருக்கேன்.

அவங்க கையில கட்டியிருப்போமே ஒரு மீட்டரு, ஆழம் நேரம் எல்லாம் பதியும். மறுநாள் அதையும் என்னோடதையும் பக்கத்துல வச்சு, யாரு எப்ப எந்த ஆழத்துல இருந்தோம்னு தனியா உக்காந்து பாத்தேன். நான் திருக்கைகிட்ட நின்னது பத்து செகண்டும் இல்ல, அரை நிமிசமும் இல்ல. ரெண்டு நிமிசத்துக்கு மேல. யாருக்கிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டதான் சொல்றேன்.

ஒரு மாசம் கழிச்சு அந்தம்மா கடுதாசி போட்டாங்க, கையால எழுதி. 'என் சொந்தமே என்னை விட்டுப் போன இடத்தில் நீங்கள் வந்தீர்கள்'னு இருந்துச்சு. எங்க ஓனரு அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டிட்டாரு. புதுசா வர்றவங்க மொதல்ல அதைப் படிப்பாங்க. படிச்சுட்டு, "நீங்கதானா அந்த தேசிங்கு? எங்களுக்கு நீங்கதான் வேணும்"பாங்க. நானும் தலையாட்டிக்கிட்டு சிலிண்டரைத் தூக்கிட்டுப் போவேன்.

சரி, இன்னைக்கு விசயத்துக்கு வர்றேன்.

கதவைத் தொறந்ததும் அந்தம்மா கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நல்லா எளைச்சிருக்காங்க. இன்னும் தலைக்கு மேல தண்ணி விழுந்தா மூச்சு முட்டுதாம், சொம்புல மோந்துதான் குளிக்கறாங்களாம். கூடத்துல சோபா மேல ஒரு தலகாணி, மடிச்ச போர்வை, பக்கத்துல ஒரு மூக்குக் கண்ணாடி. ரெண்டு ரூம் வீடு சார் அது. சோபாவுல படுக்க என்ன அவசியம்? நான் அந்தப் பக்கம் பாக்காத மாதிரி உக்காந்தேன்.

சபேசன் சாரு வந்தாரு. "வாங்க தேசிங்கு, பஸ் கெடச்சுதா?"ன்னாரு. கோவமே இல்ல. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

எல போட்டாங்க. மூணு பேரும் உக்காந்தோம். அந்தம்மா எனக்கே வச்சுக்கிட்டு இருக்காங்க. அவரு எலையில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பாக்கவே இல்ல. அவரே எட்டி எட்டி எடுத்துக்கறாரு. நான் "சாருக்கு வறுவல்..."னேன். "அவருக்கு வேணுங்கறதை அவரு போய்ப் பாத்துக்குவாரு தம்பி. பொண்டாட்டியைவிட மீனு பெருசு அவருக்கு"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அது புதுசாச் சொன்ன மாதிரி இல்ல. மூணு வருஷமாத் தெனம் சொல்லிச் சொல்லித் தேஞ்சு போன மாதிரி இருந்துச்சு. அவரு ரசத்தை ஊத்திப் பெசஞ்சுக்கிட்டிருந்தாரு.

அப்புறம் அவங்க கரண்டியக் கீழ வச்சாங்க. "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. இவரு என்ன சொல்றாரு தெரியுமா? நீங்கதான் கூப்பிட்டீங்களாம். என்னைப் பாத்துக்கறேன்னு சைகை காட்டினீங்களாம். அதான் போனாராம். இவரு எதிர்லயே கேக்கறேன், சொல்லுங்க. நீங்க கூப்பிட்டீங்களா?"

சார், எனக்கு வாயில சோறு. அவங்க மொகத்துல ஒரு சந்தேகமும் இல்ல. நான் இல்லைன்னு சொல்லுவேன்னு அவ்வளவு நம்பிக்கை.

நான், "கலங்கல் தண்ணியில சைகை சரியாத் தெரியாது மேடம். நான் ஒண்ணு காட்டியிருப்பேன், சாரு ஒண்ணு புரிஞ்சிருப்பாரு"ன்னேன்.

எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. நாக்கு தன்னால சொல்லிடுச்சு.

அந்தம்மா, "பாத்தீங்களா?"ன்னு அவரைப் பாத்துச் சொன்னாங்க.

சபேசன் சாரு எலையப் பாத்துக்கிட்டே, மெதுவா, ரொம்ப மெதுவா, "அன்னைக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே தேசிங்கு"ன்னாரு.

அவ்வளவுதான். அந்தம்மா கை எலை மேலயே நின்னுச்சு. அவங்களுக்கும் ஞாபகம் இருக்கும்ல? அவங்களுந்தானே எறங்கினாங்க. மேலேருந்து பாறை தெரியுதுன்னு மொதல்ல கத்தினதே அவங்கதான்.

நான் எந்திரிச்சு கை கழுவப் போனேன். கொழாயத் தொறந்து விட்டுட்டு நிக்கறேன். தண்ணி பாட்டுக்குப் போகுது. இப்படியே செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடலாமான்னு தோணுச்சு. கெளம்பியிருக்கலாம். ஆனா என்னால முடியல சார். அத நீங்க ஒத்துக்கணும், அந்த எடத்துல நான் ஓடல. திரும்ப வந்து எலைக்கு முன்னாடி நின்னுக்கிட்டே சொன்னேன்.

"மேடம், நாந்தான் கூப்பிட்டேன். அவரு ஒங்களக் காட்டினாரு. நாந்தான், பாத்துக்கறேன், நீங்க போங்கன்னேன். அப்புறம் நான் பாக்கல. ரெண்டு நிமிசம் பாக்கல."

அடிப்பாங்களா, கத்துவாங்களான்னு நான் நிக்கறேன். அவங்க என் பக்கம் திரும்பவே இல்ல சார். நான் அங்க நிக்கறதே அவங்களுக்குத் தெரியல. அவரையே பாத்தாங்க.

"ஆஸ்பத்திரியில சொன்னீங்க. அப்புறம் ஒரு தடவை சமையக்கட்டுல வந்து சொன்னீங்க. அதுக்கப்புறம் ஏன் சொல்லல?"

அவரு, "ரெண்டு தடவை சொன்னேன் வைஜி. மூணாவது தடவை சொன்னா கெஞ்சற மாதிரி ஆயிடும்"னாரு.

"கெஞ்சியிருக்கலாம்ல?"

"நீ அவரை நம்பின. உன்னைத் தூக்கிட்டு வந்தவரு அவரு. நான் எதை வச்சுக் கெஞ்சறது?"

அவங்க எந்திரிச்சாங்க. எச்சில் கையோடயே உள்ள போனாங்க. கதவை மூடல. கட்டில்ல உக்கார்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு அழுகை. சாவு வீட்டுல கேக்கற மாதிரி சத்தமா இல்ல. வாயப் பொத்திக்கிட்டு அழுதா வருமே, அந்த மாதிரி.

எனக்கு ஒரு பக்கம், சொல்லிட்டோம், எறக்கி வச்சுட்டோம்னு இருந்துச்சு சார். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்துல எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. இனிமே ரெண்டு பேரும் சேந்துக்குவாங்க, சோபாவுல இருக்கற தலகாணி உள்ள போயிரும், நம்மளால ஆனதுன்னு. சபேசன் சாரு என்னைக் கட்டிப் புடிப்பாருன்னுகூட நெனச்சேன். சினிமாவுல அப்படித்தானே வருது?

அவரு கையக் கழுவிட்டு வந்து, "கெளம்புங்க தேசிங்கு, ரெண்டரைக்கு ஒரு பஸ் இருக்கு"ன்னு வாசல் வரைக்கும் வந்தாரு. கேட்டுகிட்ட நின்னு நான், "சார், என்னை மன்னிச்சிருங்க"ன்னேன். அவரு கேட்டைப் புடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்தாரு.

"மூணு வருஷம் அவ எம்மேல கோவமா இருந்தா. அது எனக்குப் பழகிருச்சு"ன்னாரு. "இனிமே அவ தன்மேலயே கோவமா இருப்பா. அதை நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது, சொல்லுங்க?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மறுபடியும், "மன்னிச்சிருங்க சார்"னேன். அவரு கேட்டைச் சாத்திட்டாரு. கோவமாச் சாத்தல சார், மெதுவாத்தான் சாத்தினாரு. உள்ள அவங்க அழுதுக்கிட்டு இருந்தாங்கல்ல, கேட்டுச் சத்தம் அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு.